சந்தை வாசலில் ஒரு பூக்கூடை

ருக்குமணிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மறுநாள் தீபாவளி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடத் தீபாவளி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் அவளே நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த சாமந்திப் பூ ஒரு கூடை நிறைய அவள் முதுகில் இருந்தது.

அதை விற்று லயத்துப் பிள்ளைகளுக்கு நிஜமான ரப்பர் பந்து வாங்கப் போகிறாள். இதுவரை அவர்கள் உதைத்தது பழைய துணியைச் சுருட்டிக் கட்டிய மூட்டை. மழையில் நனைந்துவிட்டால் அது பந்து இல்லை, பாறாங்கல்.

அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு இன்னொரு கூடையுடன் வந்தாள். இரண்டும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைகள். தோட்டத்து லோரி இருவரையும் ரிங்லெட் சந்தை வாசலில் இறக்கிவிட்டது.

சந்தைக்குள் பூ வியாபாரி நாகரத்தினம் காத்திருந்தார். போன வாரம் லயத்துக்கே வந்து, பூவைப் பார்த்து விலை பேசிவிட்டுப் போனவர் அவர்தான்.

"உள்ள கொண்டாங்க தங்கச்சி," என்றார். "சந்தைக்குள்ள வர்றதுக்குக் கூடைக்கு ஒரு வெள்ளி வரி. அதைக் கழிச்சிட்டுத் தர்றேன்."

ருக்குமணியின் முகம் வாடிவிட்டது. பூ விற்ற காசில் ஒரு வெள்ளி குறைந்தால் பந்து கிடையாது.

"விலை பேசுறப்ப வரியைப் பத்திச் சொல்லலையே மாமா?"

"வருசா வருசம் இப்படித்தான் லா. உங்கம்மாவைக் கேளு."

அம்மா தலையாட்டினாள். "கொழுந்து நிறுக்கிறப்ப கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறாங்கள்ல? அது மாதிரிதான் பாப்பா. கூடை யார் முதுகுல இருக்கோ, அவங்களுக்குத்தான் கழிவு."

பாவம், கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பழக்கம் அம்மாவைச் சந்தை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்திருந்தது. ருக்குமணிக்கு மனசு ஒப்பவில்லை. வாசலில் முக்காலி போட்டு வரி வாங்கிக்கொண்டிருந்த சந்தைக் குமாஸ்தா, கிராணி தங்கராஜுவிடம் நேரே போனாள்.

"கிராணி ஐயா, இந்த வரியை யார் கட்டணும்? செடி வளர்த்தவங்களா, வியாபாரியா?"

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாசலைத் தாண்டுறப்ப பூ யாருக்குச் சொந்தமோ, அவங்க கட்டணும். இத்தனை வருசத்துல யாரும் என்னைக் கேக்கவே இல்லையே."

ருக்குமணி திரும்பி வந்து, கூடையை வாசலுக்கு வெளியிலேயே இறக்கி வைத்தாள்.

"மாமா, இங்கயே வாங்கிக்குங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று நாகரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வானம் தூற ஆரம்பித்தது. "அண்ணே, பூ வந்துச்சா இல்லையா?" என்று அவருடைய கடைப் பக்கம் குரல்கள் எழுந்தன. அவசரமில்லாத மனிதர் வேகமாக வெளியே வந்தார்.

கூடையைத் தூக்கக் குனிந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதல் நாள் கோஸ் மூட்டை இறக்கியதில் சுளுக்கிவிட்டதாம்.

ருக்குமணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க தூக்க வேணாம் மாமா. காசை மட்டும் கொடுங்க, பூ உங்களுது ஆயிடும். உங்க பூவை நானே உள்ள கொண்டாந்து தர்றேன். தூக்குகூலி வேணாம்."

நாகரத்தினம் அவளை முறைத்துப் பார்த்தார். கிராணி பேனாவைத் திறந்தார்.

"ரசீது யார் பேர்ல எழுத?"

நாகரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தாலும் சிரித்தார். "என் பேர்லயே எழுதுங்க. இந்தப் புள்ள பெரிசாயி வியாபாரத்துக்கு வந்தா, நான் கடையை மூட வேண்டியதுதான்."

பேசிய விலை முழுசாக அவள் கைக்கு வந்தது. பந்துக்குப் போதும். ருக்குமணி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி, கடையில் பூவைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

அதற்குள் அம்மா பழக்கதோஷத்தில் தன் கூடையை முதுகில் ஏற்றி, ஒரு காலை வாசலுக்குள் வைத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் நின்றாள். வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தாள். கூடையை இறக்கினாள். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே," என்றாள் அம்மா. "என் கூடையையும் இங்கயே வந்து பாருங்க."