அனுமதிக்கவா?

கணினித் திரையின் இடது ஓரத்துக்குக் கீழே, மேசையில், மறுபடியும் வெள்ளித் தூள் கிடந்தது. காலையில்தான் பானுப்பிரியா ஈரத்துணியால் துடைத்திருந்தாள். வலது பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

அந்தத் தூள் அவளுக்குப் புதிதல்ல. அவள் புருஷன் முனியராஜ் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிறவன். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் கைரேகைக்குள் அந்த அலுமினியப் பளபளப்பு போகாது. தன் சேலையில் ஒட்டி வந்திருக்கும் என்று துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். சீசன் நேரத்தில் இதையெல்லாம் யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

பட்டாசுக் கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் செய்துதரும் கடை அது. கீழே அச்சகம், மிஷினின் அதிர்வு சுவர் வழியாக ஏறி நாற்காலிக்கு வந்து, நாள் முழுக்க அவள் இடுப்பைக் குடைந்துகொண்டிருக்கும், மை வாசனை மதியச் சோற்றில்கூட இருக்கும். ஓனர் ஜெயபாண்டிக்கு ஒரே ஆசை, திரையில் எழுத்து வலமிருந்து இடமாக ஓட வேண்டும்.

"நின்ன எழுத்தை எவன் தாயி பாப்பான்? பொறி மாதிரி சிதறி ஓடணும்."

அதற்கான புரோகிராமை, மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய பக்கத்திலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். ஏன் மூடினார்கள் என்று அவள் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். 'இது ஆபத்தாக இருக்கலாம். தடுத்து வைத்திருக்கிறோம். அனுமதிக்கவா?'

"அது கெடக்கு, சும்மா கத்தும். நீ அமுக்கு," என்பார் ஜெயபாண்டி.

அமுக்குவாள். இப்போதெல்லாம் படிப்பதுகூட இல்லை. மஞ்சள் தெரிந்தால் விரல் தானாகப் போகும்.

அன்று சாயங்காலம் மழை இருட்டு. ஓனர் கீழே அச்சகத்தில் இருந்தார். முனியராஜ் போன் செய்தான்.

"லோடு ஏத்திட்டுப் போகச் சொல்றாக. கொஞ்சம் பிந்தும்."

"கட்டுப் போட்ட விரலோட என்ன லோடு? பேசாம கிளம்பி வாங்க."

"வாரேன் பானு. நீ டீ குடிச்சியா?"

முந்தின நாள் அவன் கட்டைவிரல் கிழிந்திருந்தது. காலையில் தன் பழைய பச்சைத் தாவணியைக் கிழித்து அவள்தான் கட்டிவிட்டாள். லீவு போடச் சொல்லிக் கெஞ்சினாள், கேட்டால்தானே. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை தினமும் அவளுக்குப் பயம்தான். பயந்து பயந்தே அலுத்துப்போயிருந்தாள்.

மஞ்சள் பட்டை வந்தது. அமுக்கினாள்.

'அனைவரும் வருக' என்று அவள் அடித்திருந்த எழுத்துகள் வலது ஓரத்தில் முளைத்தன. ஓடவில்லை. பார வண்டியை யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல, திணறித் திணறி நகர்ந்தன. அவள் முகத்தைத் திரையருகே கொண்டுபோனாள். கடைசி எழுத்துக்குப் பின்னால் விரல்கள் தெரிந்தன. வெள்ளி படிந்த விரல்கள். மணிக்கட்டில் கண்ணாடி வளையல். இடது ஓரத்தை எட்டியதும் எழுத்தோடு அந்தக் கையும் மறைந்தது.

மேசையில் தூள் சொரிந்தது.

கருமருந்து வாசனை. கீழே மிஷின் ஓடவில்லை. எப்போது நின்றது?

பக்கத்தை மூடினாள். அது திறந்துகொண்டது. மஞ்சள் பட்டை. விரல் பழக்கத்தில் அமுக்கிவிட்டது. அமுக்கிய பிறகுதான் கண் படித்தது.

'முனியராஜைத் தடுத்து வைத்திருக்கிறோம். அனுமதிக்கவா?'

"இல்ல," என்றாள் சத்தமாக. "வேண்டாம். வேண்டாம்."

மவுஸ் அசையவில்லை.

ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது. இடி என்று நம்பப் பார்த்தாள். அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கீழே தெருவில் ஜெயபாண்டியின் குரல். "எந்தப் பக்கம்லே வெடிச்சிருக்கு? எந்தப் பக்கம்?"

திரையின் வலது ஓரத்தில் 'அ' முளைத்தது. அடுத்த எழுத்து. அடுத்தது. கடைசியில், 'க'வை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு ஒரு கை வந்தது. கட்டைவிரலில் பச்சைத் துணி. அவள் போட்ட முடிச்சு.

களைத்துப்போன கை. நிறுத்தி நிறுத்தித் தள்ளியது. இடது ஓரத்தை நோக்கி.

பானுப்பிரியா அந்த ஓரத்தின் கீழே தன் இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

விழுந்த தூள் இன்னும் சூடாக இருந்தது.