நான்கு விரல் இடைவெளி

மூன்றாவது ஸ்க்ரூவை முடுக்கும்போதுதான் தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ‘ஸ்ஸ்’ என்றார்கள்.

வாத்தியார் டிரில் மெஷினை நிறுத்தினார். சாயங்கால வெயில் இறங்க இறங்க, பகலெல்லாம் சூடேறிக் கிடந்த தகரம் டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது; அறுத்த மரத்தூளும் புதுப் பெயின்டும் கலந்து மூக்கில் காரமாக ஏறின; எங்கோ ஒரு குழாய் சொட்டியது. மற்றபடி சத்தமில்லை. அங்கே ஆள் நிற்கவும் முடியாது. கொட்டகையின் பின்சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்ததே நான்கு விரல் இடைவெளி. பூனைகூட வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

முறைப்படி, வெளியே நின்றுதான் தகரத்தை மரச்சட்டத்தில் பொருத்துவார்கள். வெளியே நிற்க இடம் விடாமல் கட்டியவர் வேறென்ன செய்வார்? உள்ளேயிருந்தே முடுக்கினார். சட்டத்தையும் தகரத்தையும் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்க்ரூவின் கூர்முனையும் அரை அங்குலம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் தம்பி வீடு. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர், ஒரு கோட்டின் அகலத்துக்காக ஒன்பது வருடமாகத் தம்பியோடு பேசவில்லை. சுவரை ஒட்டி அண்ணன் பக்கம் கிடக்கும் ஒரு அடி மண் தன்னுடையது என்று தம்பி மனுக் கொடுத்திருந்தான். நாளை மறுநாள் காலை சர்வேயர் அளக்க வருகிறார். எழுந்து நிற்கிற கட்டடத்தை யாரும் சட்டென்று பிரிக்கச் சொல்ல மாட்டார்கள் என்பது வாத்தியார் கண்டுபிடித்த தேற்றம். அதனால்தான் இந்தத் தோட்டக் கொட்டகை. உள்ளே வைக்க அவரிடம் இருந்தது ஒரு மண்வெட்டி, ஒரு பூவாளி.

“மண்வெட்டிக்குத் தனி பாத்ரூம் வைக்கலையா?” என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போனவள்தான். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான்காவது ஸ்க்ரூ. ‘ஸ்ஸ்.’ ஐந்தாவது. ‘ஸ்ஸ்.’ சுவரோரம் நின்று தம்பிதான் நையாண்டி செய்கிறான் என்று முடிவுகட்டினார். இருந்தாலும் வெளியே சுற்றிப் போய் இடைவெளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வரிசையாக ஸ்க்ரூ முனைகள், ஒரு ஒட்டடை, அவ்வளவுதான். ஏழாவதற்கு, முனை தகரத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்தது. கை வழுக்கி, ஸ்க்ரூ வரிசையை விட்டு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சத்தம் எதுவென்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது தம்பி அழமாட்டான். அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் மூச்சை இழுப்பான். வாத்தியார் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மாலை இரண்டாவது வரிசை முடிந்து, மூன்றாவதில் நாலு ஸ்க்ரூ ஏறியபோது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. தம்பி மனைவி. இந்த வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருடம் ஆகிறது.

“மாமா, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். நேத்துலேருந்து அவருக்கு முதுகெல்லாம் ஓட்டை ஓட்டையா வருது.”

“எறும்பு கடிச்சிருக்கும்.”

“எறும்பு ஸ்கேல் வெச்சுக் கடிக்குமா, மாமா?”

டாக்டரிடம் காட்டுவதற்காக முதுகில் ஒற்றி எடுத்தது என்று ஒரு தாளைப் பிரித்து நீட்டினாள். சிவப்புப் புள்ளிகள். முதல் வரிசையில் ஒன்பது, அதில் ஏழாவது மட்டும் கீழே இறங்கியிருந்தது. இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதில் நாலு. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்தால், அது அவருடைய கொட்டகையின் பின்சுவர். அளவு துளி பிசகவில்லை.

“எதுக்கு இத எங்கிட்ட கொண்டு வந்தே?”

“அவர்தான் கொடுத்தனுப்பினார். அண்ணனுக்குப் புரியும்னார். இன்னிக்கு ஒரு நாள் நிறுத்திக்கச் சொன்னார்.”

“பாக்கறேன்,” என்றார் வாத்தியார்.

அவள் போன பிறகு பார்த்தார். பாக்கி ஐந்து ஸ்க்ரூ. தகரத்தின் அடிமூலை பிடிப்பில்லாமல் காற்றில் படபடத்தது. இப்படியே விட்டால், கட்டடம் இல்லை, சாத்தி வைத்த தகரம் என்று சர்வேயர் எழுதிவிடுவார். மேலும், இரண்டு படம் ஒத்துப்போவதாலேயே ஒன்று நிரூபணம் ஆகிவிடாது. எத்தனை பேர் விடைத்தாளில் அவர் அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று முடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடுக்கினார்.

இந்த முறை ‘ஸ்ஸ்’ இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து தம்பி மனைவியின் அலறல் வந்தது.

நிரூபணம் ஆயிற்று.

வாத்தியார் மெஷினைக் கீழே வைத்தார். மூலை படபடத்தது. மெஷினை எடுத்தார். ஊசிதானே, என்று சொல்லிக்கொண்டார். சின்ன ஊசி. ஒரு அடி மண், போனால் போனதுதான்.

ஆறு.

ஏழு. தகரத்துக்குப் பின்னால் மூச்சு. வேகமான மூச்சு.

எட்டு. ஈரமான மூச்சு.

ஒன்பது.

சத்தமில்லை. மூலை ஆடவில்லை. அடுத்த வீட்டில் யாரும் அழவில்லை.

“டேய்,” என்றார். ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை.

 மெஷினை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு, கடைசி ஸ்க்ரூவைக் கழற்றினார். சூடாக வந்தது. துளையிலிருந்து சிவப்பாக ஒரு இழை புறப்பட்டு, சட்டத்தில் இறங்கி, அவர் செருப்பில் சொட்டியது. கட்டைவிரலை வைத்து அடைத்தார்.

விரலின் நுனியில் துளையின் விளிம்பு. அதற்குப் பின்னால் தோல். வெதுவெதுப்பு. நாடி.

அப்போது எட்டாவது ஸ்க்ரூ தானாகச் சுழன்றது. மெல்ல வெளியே வந்து தரையில் விழுந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி அதை அடைத்தார். பிறகு ஏழு. பிறகு மேலே, ஸ்டூல் இல்லாமல் எட்டாத வரிசையில், ஒவ்வொன்றாக. விழுந்தன. உருண்டன. சுவரோடு சுவராக ஒட்டி, கன்னத்தைத் தகரத்தில் அழுத்தி, கைகளை விரித்து அவர் நின்றார்.

இருபத்தேழு துளை. விரல் பத்து. அதிலும் எட்டியது ஆறு.

அந்த ஆறு விரலுக்கு அடியிலும் நாடியின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில், நிதானமாக, இடைவெளி கூடிக்கொண்டே போனது.