மறுபடியும் அழிந்த பூட் செக்டார்

சரிசெய்த பூட் செக்டார் மறுபடியும் அழிந்திருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் டிஸ்க்கில் முதலில் படிக்கிற சின்னத் துண்டு அது. அதை எழுதுவது இவனுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் காலையிலிருந்து எழுதி, அணைத்து, மறுபடி போட்டால், துடைத்து வைத்தாற்போல் வெறும் பூஜ்யங்கள். வெளியே விடாத மழை, ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் ஈயம் உருகிய புகை நெடி, அதற்கும் அடியில் ஈரத்துணி மக்கிய வாடை, இவற்றுக்கு நடுவே டிஸ்க்குக்குள்ளிருந்து மூடிய கதவை யாரோ நகத்தால் பிறாண்டுவதுபோல் கிறுக், கிறுக் என்று ஓயாத சத்தம்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் சரி பண்றே, அக்கான்னா மட்டும் கை வராதாடா?" என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா.

அக்காவின் புருஷன், மாமா, இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைசி நாட்களில் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ பேசிப் பதிந்திருந்தார். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் அவளுக்கு. அதற்காகத்தான் இந்தச் சனியனை இவன் இன்னும் தூக்கி எறியவில்லை.

"வைரஸ்தான்க்கா. எழுத எழுத அழிக்குது."

"அவரும் இதைப் போடாதே, போடாதேன்னுதான் சொன்னாரு. காய்ச்சல்ல உளர்றாருன்னு விட்டுட்டேன்."

இவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. டிஸ்க்கில் எதையும் எழுதவோ அழிக்கவோ விடாமல் தடுக்கும் பூட்டுப் பெட்டி ஒன்று மேசைக்குள் கிடந்தது. கடைசியாக ஒருமுறை செக்டாரை எழுதினான். எழுதிய கையோடு கேபிளைப் பிடுங்கிப் பெட்டி வழியாக மாட்டினான்.

"இப்ப அழி, பாப்போம்."

திரை ஒளிர்ந்தது. பிறாண்டல் நின்றது.

ஸ்பீக்கரில் மூச்சு. கனமான எதையோ முதுகு கொடுத்துத் தடுத்து நிற்பவரின் மூச்சு. மாமாவின் குரல்.

"யாரு பூட்டினது? ஐயோ... அழிச்சு அழிச்சுத்தானே இதை வெளியே விடாம உள்ளேயே வச்சிருந்தேன். இனி என்னால முடியாது. அவளைக் கூட்டிக்கிட்டு ஓடிடு."

பிளக்கைப் பிடுங்கினான். திரை செத்தது. மழை மட்டும்.

ஈர வாடை. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

"அக்கா, வா, போயிடலாம்."

திரும்பினான்.

ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்கள் இவன் மேல். வாய் மெல்லத் திறந்தது. திறந்துகொண்டே போனது.

உள்ளேயிருந்து அந்தச் சத்தம்.

கிறுக். கிறுக்.