சக்கரவர்த்தியின் தொடை எலும்பு

"சக்கரவர்த்திக்குப் புழுவா? என் மானுக்கா?"

மாயாற்றுப் பள்ளத்தாக்கே அதிரும்படி முழங்கினார் முனைவர் கோதண்டபாணி. வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். 'சக்கரவர்த்தி' என்று அவரே பெயர் வைத்த கடமானின் கொம்பழகைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. நேற்று அதைப் புலி அடித்துவிட்டது. வீரப்போர் நடந்ததாகப் பத்திரிகைகளுக்கு அப்போதே சொல்லி முடித்துவிட்டார்.

"போரெல்லாம் இல்ல சார். அதால ஓட முடியல" என்றாள் ஆய்வு மாணவி ஜெசிந்தா. அந்த மானின் புழுக்கையில் ஈரல் புழுவின் முட்டைகள் நிறைந்திருந்ததைப் பார்த்தவள். "தொடை எலும்ப உடைச்சாத் தெரிஞ்சிடும். தெம்பான மானுக்கு மஜ்ஜை வெண்ணெய் மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள உருகிப்போனதுக்குச் செவப்பாக் கூழாகிடும்."

"அப்ப எலும்பு வரட்டும். வரலைன்னா உன் ஆய்வை இன்னிக்கே மூடிடுவேன். நானும் வர்றேன்!"

அன்று நிலையத்தில் எல்லோருக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள். வேட்டைத் தடுப்புக் காவலர் சடையன் வாங்கி விழுங்கினார். இயக்குநர் மாத்திரை வேண்டாமென்று தொந்தியைத் தட்டிக் காட்டினார். "இரும்பு!"

"இரும்புக்குத் துரு புடிக்குமுங்க சார்" என்றார் சடையன்.

மூவரும் கிளம்பினார்கள். கழுதைப்புலி முந்திக்கொண்டால் எலும்பு பொடிதான்! முட்புதரைக் கிழித்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தபோது, மானின் உடல்மேல் காக்கைகள் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தன.

"காக்கா எறங்கியிருக்கு. புலி பக்கத்துல இல்லீங்க. சீக்கிரம்!" என்றார் சடையன்.

ஜெசிந்தா மண்டியிட்டாள். பின்னங்கால் சதையைப் புலியே தின்றிருந்ததால் கத்திக்கு மூட்டுதான் மிச்சம். மூட்டு அசையவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. இயக்குநரோ சடையனின் அரிவாளைப் பிடுங்கி, மானின் தலையைக் கொம்போடு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அதத் தொட்டா கேஸாயிடும் சார்!" என்றார் சடையன்.

"மியூசியத்துக்குய்யா!"

மூட்டு கழன்றது. எலும்பு அவள் கையில்! அதே நொடி காக்கைகள் மொத்தமாக எழும்பின.

மூங்கில் விலகியது. புலி!

"ஓடாதீங்க. முதுகு காட்டாதீங்க. ஒட்டி நின்னு பின்னால நகருங்க" என்று கிசுகிசுத்தாள்.

நகர்ந்தார்கள். புலியின் கண் சடையனைத் தாண்டியது. ஜெசிந்தாவைத் தாண்டியது. வெட்டியெடுத்த தலையைக் கொம்போடு கட்டிப்பிடித்தபடி ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சிரைத்துப் பின்தங்கிய கோதண்டபாணியிடம் வந்து நின்றது. மேடை, மாலை, பட்டம் எதுவும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இரைப்பு மட்டும் தெரிந்தது. புலி வயிற்றைத் தாழ்த்தியது.

"கீழ போடுங்க சார்!"

"என் சக்கரவர்த்தி..."

"அதுக்கு நீங்கதான் துணைக்குப் போகணுமா? போடுங்க!"

கொம்பு தடாலென்று விழுந்தது. ஜெசிந்தா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தனக்கும் சடையனுக்கும் நடுவே இழுத்தாள். மூவரும் ஒரே உடம்பாக நின்று கத்தினார்கள். புலி உறுமியது. யோசித்தது. பிறகு தன் இரையின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

நிலையத்து வாசலில் நிருபர்கள் காத்திருந்தார்கள். ஜெசிந்தா அவர்கள் கண்ணெதிரே எலும்பை உடைத்தாள். சிவப்பாக, கூழாக, மஜ்ஜை மேசையில் வழிந்தது.

"போர் எப்படி நடந்துச்சு சார்?" என்றார் ஒரு நிருபர்.

"போர் நடக்கலை. கொம்பு மட்டும்தான் பெருசு" என்றார் கோதண்டபாணி.

"என் ஆய்வ மூடணுங்களா சார்?"

அவர் அவளருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்தார்.

"அது நடக்கட்டும்மா. அந்த மாத்திரை... மிச்சம் இருக்கா?"