மெழுகில் விழுந்த கீறல்

இந்த ஸ்னோபோர்டின் அடியிலும் அதே நாலு கீறல்கள். மூன்றாவது மட்டும் குட்டை.

ராக்கப்பன் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். சூடான மெழுகை ஊற்றி, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, சுரண்டி, கண்ணாடி போல ஆக்கிக் கொடுத்த பலகை அது. அந்த வளைகுடா நகரத்தின் செயற்கைப் பனிக்கூடத்தில் ஒரே ராத்திரி ஓட்டத்தில் இப்படித் திரும்பியிருந்தது. இன்னொரு பலகை கெட்டால் விசா கேன்சல் என்று சூப்பர்வைசர் சேதுபதி சொல்லிவிட்டார். ஊரில் மனைவி வடிவுக்கு இது நிறைமாதம்.

அவனுடைய சந்தேகமெல்லாம் சாகிர் மேல்தான். திரும்பி வரும் பலகைகளை வாங்கி அடுக்குவது அந்தக் கீழக்கரைக்காரன். பாலகுருவின் இடத்துக்கு அவன் வந்த பிறகுதான் கீறல்களும் வந்தன.

பாலகுரு இவனுடைய ரூம்மேட். பனி மெஷின் ஓடும்போது டியூட்டிக்காக உள்ளே போனவன் ரூமுக்குத் திரும்பவில்லை. முன்பு வேலை பார்த்த முசஃபா பட்டறைக்கே ஓடிப்போயிருப்பான் என்றார்கள். அவனுடைய மோதிர விரலில் பாதியைக் கிரைண்டர் தின்றது அங்கேதான். வேலையை விட்டு ஓடியவன் என்று கம்பெனி அப்ஸ்காண்டிங் எழுதியது. தன்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டானே என்று ராக்கப்பனுக்கு ஆத்திரம். யாரும் தேடவில்லை.

சாகிரிடம் கேட்டதற்கு அவன் கோபப்படவில்லை.

"நோன்பு வச்சிருக்கேன்ணே, பொய் சொல்லமாட்டேன். பனியிலேர்ந்து வர்றப்பவே அந்தக் கீறல் இருக்கு."

ராக்கப்பன் நம்பவில்லை. ரமலானில் பனிக்கூடம் நோன்பு திறந்த பிறகுதான் திறக்கும். பகலெல்லாம் ஆளில்லாமல் மெஷின்கள் புதுப்பனி தூவிக்கொண்டிருக்கும். சாகிர் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, தானே மெழுகிட்ட பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கீறல் விழாமல் திரும்பினால் கீறுவது சாகிர்தான் என்று தெரிந்துவிடும்.

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே பாதி விளக்கு, மூக்கைக் கிள்ளும் குளிர், காது அடைக்கும் மெஷின் இரைச்சல், புதுப்பனியின் ஈர இரும்பு வாசனை. அதனடியில் வேறொரு வாசனையும் லேசாக இருந்தது. கடைசி வளைவில், சுவரின் நிழல் விழும் இடத்தில், பலகையைப் போட்டு ஏறிச் சறுக்கினான்.

கொஞ்ச தூரம் வழுக்கிப் போனது. பிறகு அடியில் ஒரு சத்தம்.

சர்ரக்.

பலகை நின்றது. இறங்கினான். கல்லாக இருக்கும் என்று நினைத்தான். மெஷின் தூவும் பனியில் கல் ஏது?

குனிந்து பலகையைப் புரட்டினான். சட்டைப்பையிலிருந்த வாக்கிடாக்கி பனிக்குள் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. மெழுகு தேங்காய்த் துருவலாய்ச் சுருண்டிருந்தது.

நாலு கீறல்.

மூன்றாவது குட்டை.

ராக்கப்பன் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. மோதிர விரல் மட்டும் நீண்டு நின்றது.

ஓட நினைத்தான். வலது கால் வரவில்லை.

இழுத்தான்.

வரவில்லை.

கத்தினான். மெஷின் இரைச்சல் அதை விழுங்கியது. பனி விழுந்துகொண்டே இருந்தது. வந்த காலடித் தடங்கள் மூடிப்போயின. முழங்கால் மூடியது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. இடுப்பு வரை வந்தபோது பனிக்குள்ளிருந்து சேதுபதியின் குரல் கரகரத்தது.

"நோன்பும் திறந்தாச்சு. ராக்கப்பன் எங்கப்பா?"

"எங்கேயும் காணோம் சார்."

"அவனும் ஓடிட்டானா? கலாஸ், முடிஞ்சுது. அப்ஸ்காண்டிங் போட்டுரு."

கணுக்காலைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல முழங்காலுக்கு ஏறின. அதில் ஒன்று பாதிதான் இருந்தது.