உரைபெயர்ப்பாளரின் குரல்

2012 ஆடி மாதம், அவுஸ்திரேலியக் குளிர்காலத்தில், கிரான்பர்னிலிருந்து ரயிலேற்றி ஜெயதீபனை நெஞ்சுநோய்க் கிளினிக்குக் கூட்டிப்போனது நான்தான். நாங்கள் அகதிப் படகில் ஒன்றாக வந்தவர்கள், ஒரே அறையில் படுக்கிறவர்கள். அவனுக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சலும் இருமலும். இரவில் வேர்த்துப் படுக்கை நனையும். காற்சட்டை இடுப்பில் நிற்காது. சளியில் இரத்தமும் வரத் தொடங்கியிருந்தது.

ரயிலில் அவனுக்குப் புத்தி சொன்ன மேதாவியும் நான்தான்.

“இரத்தம் வந்ததைச் சொல்லாதை. ரீபி, சயரோகம் எண்டு எழுதினால் விசா இல்லை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

தடுப்பு முகாமில் யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.

டொக்டர் இளம் வெள்ளைக்காரப் பெண். உரைபெயர்ப்பாளருக்காக மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு ஓர் ஆண்குரல், சளி கட்டியதுபோல்.

“வணக்கம் தம்பி.”

காய்ச்சல் எத்தனை நாள் என்று டொக்டர் கேட்டார். குரல் அதைத் தமிழில் கேட்கவில்லை.

“இரத்தம் வந்ததைச் சொல்லாதை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

நான் ரயிலில் சொன்ன அதே சொற்கள்.

ஜெயதீபன் தலையாட்டினான். இரண்டு நாள் என்று குரல் நல்ல ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொன்னது. இரவில் வேர்க்கிறதா? இல்லை. மெலிந்தாரா? அதற்கும் இல்லை என்றது குரல். அறையில் பூஞ்சணம் பிடித்த ஈரத்துணி மணம் அடித்தது. டொக்டர் வெறும் தடிமன் சளிக்கு மருந்தெழுதப் பேனையை எடுத்தார்.

அதோடு வீட்டுக்குப் போனால் இவன் செத்துப்போவான்.

“ஒண்டுமில்லை. வீட்டை கூட்டிக்கொண்டு போம்,” என்று குரல் கிசுகிசுத்தது. அது என்னிடம் சொன்னது. அந்த அறையில் நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

“பொய்!” என்று எழும்பிக் கத்தினேன். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். இரண்டு மாதம். இரத்தம். மறைக்கச் சொன்னது நான்.

“ரீபி என்றால் மருந்து தருவோம். அதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்புவதில்லை,” என்றார் டொக்டர், எனக்கு விளங்கும்படி மெதுவாக.

அப்போது நர்ஸ் எட்டிப்பார்த்தார். உரைபெயர்ப்பாளர் கிடைக்க இன்னும் அரைமணி நேரமாகுமாம்.

டொக்டர் தொலைபேசியைப் பார்த்தார். அதில் இணைப்பு விளக்கு எரியவில்லை.

வெளிறிய முகத்தோடு எங்களை எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் படமெடுக்கும் வியட்நாமியப் பெண்ணும். அந்தப் பக்கம் ஜெயதீபன், பலகையில் நெஞ்சை அழுத்தியபடி. அவள் செய்துகாட்டியபடி மூச்சை இழுத்துப் பிடித்தான். படம் எடுத்தாயிற்று. மூச்சை விடலாம் என்று மைக்கில் சொன்னாள்.

அவன் விடவில்லை.

மறுபடி சொன்னாள். அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் உள்ளே ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது.

“விடாதை தம்பி. விடாதை.”

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவன் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. “மூச்சை விடடா!” என்று முதுகில் அறைந்தேன். அவன் கண்கள் என்னைக் கெஞ்சின. வாய் திறக்கவில்லை.

மேலே ஸ்பீக்கரில் அந்தக் குரல் சிரித்தது.

“உம்மடை சொல்லைக் கேட்டவன்தானே. இப்ப என்ரை சொல்லைக் கேக்கிறான்.”