ஆலிவுக்கு ஒரு பை மணல்

பால்கனிக் கொடியில் கிடந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து, மந்தைவெளித் தெருவே குட்டையாகி, வீட்டுக்குள் கழற்றிவைத்த செருப்புகூட ஊறிப்போயிருந்த அந்த மழை மாலையில், ஆலிவ் மரத்தொட்டிக்கு அடியிலிருந்த தட்டு மட்டும் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

ஹென்றி உதட்டைப் பிதுக்கினான். அந்த மரத்தின் மேல் அவனுக்கு மருந்துக்கும் மரியாதை கிடையாது. வேப்பமரம் யாரையும் கேட்காமல் சாக்கடைச் சுவரைப் பிளந்துகொண்டு வளர்கிறது. இந்தத் துரைக்கு மட்டும் அரைநாள் வெயில் வேண்டும், களிமண் ஆகாது, வேர் ஊறக் கூடாது, மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். இத்தனை சேவகம் செய்தாலும் மெட்ராஸில் ஒரு காய்கூடக் காய்க்காது.

ஆனால் அது சாகக் கூடாது. அவன் பொறுப்பில் மீன்கள் செத்து, லவ் பேர்ட்ஸ் செத்த பிறகு, மனைவி வெரோனிகா பெட்டியைக் கட்டிக்கொண்டு நங்கநல்லூர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"உன்ன நம்பி ஒரு புள்ள பெத்துக்கவே பயமா இருக்கு ஹென்றி. இந்த மரத்தையாச்சும் கிறிஸ்துமஸ் வரைக்கும் உயிரோட வை. அப்ப வரேன்."

மணல் கலந்த மண்தான் ஆலிவுக்கு நல்லது என்று யூட்யூபில் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு உபதேசம் செய்தான். நர்சரிவரை போக ஹென்றிக்குச் சோம்பல். கல்லறைத் திருநாளுக்கு முன்பு அம்மாவின் கல்லறைக்குப் புது மணல் போட, நண்பன் ஸ்டீவோடு போயிருந்தான். வாங்கிய மணல் அம்மாவுக்கே சரியாகப் போயிற்று. பக்கத்தில், சிலுவையில் பேர்கூட உதிர்ந்துபோன கல்லறை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதிலிருந்து ஒரு பை அள்ளினான்.

"மச்சி, அது வேற யாரோடதோடா."

"இருந்துட்டுப் போட்டும். இவருக்கு இன்னாத்துக்கு மணலு? மாடி கட்டப் போறாரா?"

ஸ்டீவ் சிலுவை போட்டுக்கொண்டான். ஹென்றி அதற்கும் சிரித்தான்.

அந்த மணலைத் தொட்டியில் கலந்த பிறகு மரம் தளதளவென்று வந்தது. போட்டோ அனுப்பினால் வெரோனிகா இதயம் இதயமாக அனுப்பினாள். ஆனால் மழைத் தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் தொட்டியின் அடித்துளை வழியாக ஒரு சொட்டு வெளியே வருவதில்லை. குனிந்து காதைக் கொடுத்தால், தாகத்தில் அவசரமாகக் குடிப்பவனின் தொண்டைச் சத்தம் கேட்டது, நடுநடுவே மூச்சு வாங்கி, மறுபடி குடித்து. அழுகிய சாமந்தி வாசனை. அணைந்த மெழுகுவர்த்தி வாசனை. மண் நடுவில் நீளவாக்கில் மேடிட்டது. கரண்டியால் தட்டிச் சமன் செய்தான். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால் மறுபடி மேடு. ஓரமெல்லாம் பக்குவமாகத் தட்டிவிட்டது போல.

எலி, என்று சொல்லிக்கொண்டான்.

எலி இவ்வளவு தண்ணீர் குடிக்குமா?

தொட்டியைக் கவிழ்த்துவிடத் தீர்மானித்து விளிம்பைப் பிடித்தான். அசையவில்லை. ஆள் படுத்திருக்கும் கட்டிலின் கனம். போன் அடித்தது. வெரோனிகா.

"கிறிஸ்துமஸ் ஸ்டாரெல்லாம் வாங்கிட்டேன். ஆட்டோல வந்துக்கிட்டே இருக்கேன். மரம் நல்லா இருக்குல்ல?"

கவிழ்த்தால் மரம் போகும். மரம் போனால் இவளும் போவாள்.

"சூப்பரா இருக்கு," என்றான். கையை எடுத்துவிட்டான்.

வெரோனிகா நனைந்த தலையோடு நேராக பால்கனிக்குத்தான் போனாள். ஹென்றி வாசற்படியிலேயே நின்றான்.

"ஐயோ, நீயா வளர்த்த? மீனச் சாவடிச்ச ஆளா இது!" அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் அவன் காத்திருந்த முகம். தொடாதே என்று சொல்ல வேண்டும்.

ஈரம் பார்க்க அவள் மண்ணுக்குள் விரலை விட்டாள்.

"உள்ள சில்லுனு இருக்கு." சிரித்தாள். "ஹென்றி, வெளையாடாத. கைய விடு."

ஹென்றி வாசலில் இருந்தான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் போகவில்லை. இழுத்தாள். மணிக்கட்டு மறைந்தது. வளையல் விளிம்பில் இடித்து உடைந்தது. பிறகு முழங்கை.

அவள் கன்னம் மண்ணில் அழுந்தியிருந்தது. தோள்வரை உள்ளே போயிருந்தது அவள் கை.

தொட்டியின் உயரம் ஒரு முழம்.